காலையில் வந்ததாகச் சொன்ன கார்டு

தெல்மா ரிச்சிக்கு என்ன குறைச்சல் என்று லண்டனில் இருந்த கனடாக்காரர்கள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. குரல் இருந்தது. பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவில் அவள் "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால், கடல் தாண்டி கனடாவில் எங்கள் ஊர்களில் அடுப்படியில் நிற்கிற பெண்கள் "சௌக்கியம்தான் தெல்மா" என்று வாய்விட்டுப் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். அவளோடு பியானோ வாசித்த நல்ல மனுஷன் ஒருவன் மூன்று தரம் கேட்டுப் பார்த்தான். மூன்றாவது தரம் அவள் சொன்ன பதிலை அவன் எல்லாரிடமும் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

"வீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு, எட்மண்ட்."

அவள் வீட்டில் ஈ காக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

மூஸ் ஜா என்கிற ரயில்வே ஊரில், எஞ்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவரின் மகள் அவள். நாற்பத்திரண்டாம் வருஷம், இருபத்திரண்டு வயசில், ராணுவத்துக் கச்சேரிக் குழுவோடு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தாள். லாரி மேல் ஏறி நின்று பாடினாள், ஆஸ்பத்திரிக் கூடத்தில் கட்டிலுக்குக் கட்டில் நடந்து பாடினாள். ஒருநாள் ரேடியோக்காரர்கள் கூப்பிட்டார்கள். இத்தாலியிலும் மற்ற இடங்களிலும் சண்டை போடுகிற நம் பையன்கள் வீட்டுக்காரிக்கும் அம்மாவுக்கும் பாட்டுக் கேட்டு கார்டு எழுதுவார்கள். அதை வாசித்துவிட்டுப் பாட வேண்டும், அது சிற்றலையில் கனடா போகும், அங்கே உள்ளூர் நிலையங்கள் எடுத்துப் பரப்பும். வாரம் அரைமணி நேரம். வேலை அவ்வளவுதான்.

வாசிப்பதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் தெல்மா வாசிக்க மாட்டாள், பேசுவாள். கார்டைக் கையில் எடுத்ததும் "இப்பதான் தபால்காரர் கொண்டாந்து குடுத்தாரு, இன்னும் என் கையில சூடா இருக்கு" என்று ஆரம்பிப்பாள். மூன்று வாரம் கப்பலில் கிடந்து நாறிப்போன கார்டுதான். ஆனாலும் "இன்னைக்குக் காலையில வந்துச்சு" என்பாள். கேட்கிறவளுக்கு அடுத்த தெருவிலிருந்து புருஷன் எழுதின மாதிரி இருக்கும். நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்ட ஓக்‌ஷாட் என்கிற லண்டன்காரர்கூட, "அடேயப்பா, என்னமா புளுகுறே கண்ணு!" என்று சந்தோஷமாகத் திட்டுவார்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இத்தாலித் தபால் தாமதமானால் அரைமணி நேரத்துக்குக் கார்டு போதாது. அதற்காக, வாசிக்க இடமில்லாமல் மிஞ்சிய நல்ல கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதற்கு 'நேற்று ரொட்டி' என்று பெயர். நேற்று ரொட்டியை எடுத்தால் ஒரு கட்டாய விதி: கார்டில் இருக்கிற ராணுவ எண்ணைப் பார்த்து, கனடா ராணுவத்தின் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆள் இருக்கிறானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இருந்தால் வாசிக்கலாம். இல்லை என்றால் அந்தக் கார்டு வேறு உறைக்குப் போகும், அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். போன் போடுகிற வேலை தெல்மாவுடையது.

நாற்பத்து நான்கு அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்து நாளாகத் தபால் இல்லை. டப்பாவிலிருந்து ஏழு கார்டு எடுத்தாள். ஆறுக்குப் போன் போட்டுக் கேட்டாயிற்று. ஏழாவதுக்குப் போடும்போது லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள், கிடைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெரிய நடன மண்டபத்தில் முதல் முறையாக அவள்தான் முன்னணிப் பாடகி. நிகழ்ச்சி முடிந்த கையோடு ஓட வேண்டும், தலைமுடி சுருட்டவில்லை, சட்டையில் ஒரு பொத்தான் தைக்க வேண்டும். கார்டைப் பார்த்தாள். பென்சிலில் முத்து முத்தாக எழுத்து. இப்படி நிதானமாக எழுதுகிறவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அந்த ஒரு நினைப்புதான். பாவி, இன்னும் ஐந்து நிமிஷம் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

கார்டு ஜூலை மாதம் எழுதியது. எழுதியவன் அர்விட் லிண்டால், ஆஸ்பென் லேக் என்கிற சின்ன ஊர், மூஸ் ஜாவிலிருந்து அரைநாள் பயணம். 'என் ஐடாவுக்கு ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டு. நான் இன்னும் பார்க்காத என் குட்டிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் ஆடச் சொல்லுங்கள். ரொட்டி கருகினால் பரவாயில்லை.' தெல்மாவுக்குப் படித்ததும் உருகிவிட்டது. சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன் வேறு. கொஞ்சம் தாராளமாகவே அள்ளிவிட்டாள்.

"ஐடா, இது இன்னைக்குக் காலையில வந்த கார்டும்மா. இங்க ஒரே மழை. அந்த மழைத்துளி இன்னும் கார்டுல காயல, பாரேன். உன் ஆளு நல்லா இருக்காரு, நல்லாச் சாப்பிடறாரு, உன் ரொட்டி கருகினதைப் பத்திக் கிண்டல்கூடப் பண்றாரு!"

பாடினாள். நன்றாகவே பாடினாள். ஓடிப்போய்ப் பொத்தான் தைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஐடாவின் முதல் கடிதம் வந்தது. 'மிஸ் ரிச்சிக்குக் கோடி நன்றி. செப்டம்பர் கடைசியில் ராணுவத்திலிருந்து தந்தி வந்தது, அர்விட்டைக் காணவில்லை என்று. மூன்று வாரம் நான் பிணமாகத்தான் இருந்தேன். அப்புறம் உங்கள் குரலைக் கேட்டேன். மழை ஈரம்கூடக் காயவில்லை என்றீர்களே, அதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தக் கார்டில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?'

தெல்மா அன்றைக்குத்தான் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். உடனே லைன் கிடைத்தது.

"லிண்டால், அர்விட். செப்டம்பர் பதிமூணாம் தேதியிலேர்ந்து காணோம்," என்றான் அங்கிருந்தவன். "ஆத்தைக் கடக்கும்போது. கூடப் போன யாரும் திரும்பல. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

ஐடாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். நாலு காகிதத்தைக் கிழித்தாள். ஐந்தாவதில், 'ஏராளமான கார்டுகளுக்கு நடுவில் அது எங்கேயோ தவறிவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதி அனுப்பினாள். கார்டு அவள் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. முதல் பொய் வாய்தவறி வந்தது என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது மை தொட்டு எழுதிய பொய்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்குக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் அவன் வந்து உட்கார்ந்தான்.

முகம் கிடையாது. தெல்மா அவனைப் பார்த்ததே இல்லையே, முகத்துக்கு எங்கே போவாள்? முழங்கால் வரை நனைந்த ராணுவக் கால்சட்டையும் இரண்டு கையும் மட்டும். பென்சிலைப் பிடித்து நிதானமாக எழுதுகிற கை. ஒலிபரப்பு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் இருப்பான், அணைந்தால் போய்விடுவான். அவள் "இன்னைக்குக் காலையில" என்று ஆரம்பித்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்புவான். தெல்மா அந்த வார்த்தையையே விட்டுவிட்டாள்.

"அந்த நாற்காலியை எடுத்துடுங்களேன், மிஸ்டர் ஓக்‌ஷாட்."

"ஏன், கடிக்குதா?"

சிரித்துக்கொண்டே எடுத்துப்போட்டார். அடுத்த வாரம் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

சண்டை முடிந்தது. போன பையன்களில் பாக்கி இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கூடவே நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இங்கிலீஷ் பெண்கள் கனடாக்காரர்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இங்கே அம்மா, அங்கே மகள் என்று இரண்டு பக்கமும் அழுகை. நிலையத்துக்கு யோசனை தோன்றியது. அம்மாக்கள் மகள்களுக்குப் பாட்டுக் கேட்டு எழுதட்டும், ஞாயிற்றுக்கிழமை தெல்மா வாசித்துப் பாடட்டும். அங்கே அப்போது காலை பதினொன்று, சர்ச் விட்டு வருகிற நேரம். அந்த நிகழ்ச்சியில்தான் அவள் பேர் எங்கேயோ போயிற்று. இசைத்தட்டு வந்தது, பத்திரிகையில் படம் வந்தது. அவளோடு கூட அவனும் வந்தான். இப்போது வீட்டுக்கே வந்துவிட்டான்.

லண்டனில் எர்ல்ஸ் கோர்ட் பேட்டையில் இரண்டு அறை வீடு. ஜன்னல் பக்கம் அவன் நிற்பான். முதலில் பயந்தாள், கர்த்தரை வேண்டினாள், வீடு மாற்றினாள். பிறகு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உன் கையெழுத்துதான் வினை," என்பாள் முட்டையைப் பொரித்துக்கொண்டே. "கோழி கிண்டின மாதிரி எழுதித் தொலைச்சிருந்தா நான் உன்னை எடுத்திருக்கவே மாட்டேன்."

அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். பேய்க்கும் ரோஷம் இருக்கும் போல.

ஐடாவின் கடிதங்கள் நிற்கவில்லை. வருஷத்துக்கு மூன்று, நான்கு. தெல்மா ஒன்றுக்கும் பதில் போடவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று ராணுவம் காகிதம் அனுப்பியிருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. ரேடியோவில் சொன்னது பொய்யா என்று திருப்பி எழுதினேன்.' அடுத்த வருஷம்: 'பாதிரியார் நினைவுப் பூசை வைக்கலாம் என்கிறார். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குப் பூசை என்று அனுப்பிவிட்டேன்.' அதற்கடுத்து எழுத்தின் தோரணையே மாறியது. திரும்பி வந்த பையன்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பேசுகிறார்களாம். அர்விட் ஓடிப்போனவன், லண்டனில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் சின்னப்பெண் சிக்னேயை 'ஓடுகாலி மகள்' என்று கூப்பிடுகிறார்களாம். கடைசிக் கடிதம் ஒரே வரி.

'அவன் உன்னிடம்தான் இருக்கிறானா?'

ஐம்பத்தொன்று நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தெல்மா திறந்தாள். பழுப்புக் கோட்டு, ஆண்பிள்ளை போடுகிற கனத்த பூட்ஸ், கையில் கயிறு கட்டிய பெட்டி. காற்றில் வெடித்த கன்னத்தைப் பார்த்ததுமே நம் பக்கத்து மனுஷி என்று தெரிந்துவிட்டது.

"மிஸ் ரிச்சி?"

"ஆமா."

"நான் ஐடா லிண்டால். ரெண்டு பசுவை வித்துட்டு வந்திருக்கேன்."

ஐடா அவளைத் தள்ளாத குறையாக உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் செருப்பு வைக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். கோட்டு மாட்டுகிற கொக்கியைப் பார்த்தாள். படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. இதைப் பாத்துட்டுத்தான் உக்காருவேன்."

"பாருங்க."

"எங்க அவன்? வெளிய போயிருக்கானா?"

தெல்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். 'இதோ இங்கதான் இருக்கான், ஏழு வருஷமா இங்கதான் இருக்கான், கூட்டிக்கிட்டுப் போயிடும்மா' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"இங்க ஆம்பளை யாரும் இல்ல, மிஸஸ் லிண்டால். உக்காருங்க. டீ போடறேன்."

"டீ குடிக்கவா கடல் தாண்டி வந்தேன்?" ஐடா பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். "இந்த ஆளைப் பாத்திருக்கீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. பொய் சொன்னா எனக்குத் தெரியும். மாடு வளக்கறவ நான், கண்ணைப் பாத்தே சொல்லிடுவேன்."

அறுவடை வயலில் எடுத்த படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காது இரண்டும் விடைத்துக்கொண்டு, மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பிள்ளை. இவ்வளவு சின்னப் பையனா! தெல்மா மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ஏழு வருஷமாக முகமில்லாமல் நின்றவன் இப்போது அந்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெல்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, விதி, கிடைக்காத லைன், பொத்தான். மழை ஈரம் என்று வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டது. செப்டம்பர் பதிமூன்று. தவறிவிட்டது என்று எழுதிய கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். ஐடா தேதியைப் பார்த்தாள். ஜூலை இருபத்தொன்று.

கீழே தெருவில் பால்வண்டி போனது.

"பதிமூணாம் தேதி," என்றாள் ஐடா. "அன்னைக்கு எங்க வீட்டுல கதிரடிப்பு. இருபது பேருக்குச் சமைச்சேன். பாட்டுகூடப் பாடினேன்னு நினைக்கிறேன்."

"மிஸஸ் லிண்டால், நான்..."

"வாயை மூடு."

ஐடா கார்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஊர் பூரா அவரை ஓடுகாலிங்குது. அவரு அப்பா ரெண்டு வருஷம் முன்னாடி செத்தாரு. சாகறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? 'எனக்குப் பையனே இல்ல'ன்னு சொல்லிட்டுச் செத்தாரு. என் பொண்ணு அப்பா போட்டோவைத் திருப்பிச் செவுத்தைப் பாக்க வெச்சிருக்கா. இதெல்லாம் நீ ஒரு பொத்தான் தைக்கப் போனதால."

"நான் ஊருக்குக் கடிதம் எழுதறேன். பாதிரியாருக்கு எழுதறேன். என்ன சொன்னாலும்..."

"கடுதாசியா? யார் படிப்பா? ரேடியோவுல சொன்னே இல்ல? ஊரே கேட்டுச்சு. ரேடியோவுலயே சொல்லு. ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் எல்லாரும் ஹாக்மன் கடையில நின்னு உன் பாட்டைத்தான் கேக்கறாங்க. அவங்க காதுல விழற மாதிரி சொல்லு."

தெல்மாவுக்குப் பயம்தான், வேறென்ன? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஒன்றுதான் அவளுக்குச் சொந்தமென்று இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மூஸ் ஜாவில் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. குரலை நம்புகிறார்கள் என்பதுதான் அவள் சொத்து. பொய் சொன்னவள் என்று தெரிந்தால் அடுப்படியில் ஒருத்தியும் பதில் சொல்ல மாட்டாள்.

ஓக்‌ஷாட்டிடம் போய்க் கேட்டாள். அவர் கதவைச் சாத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா கண்ணு? சண்டை முடிஞ்சு ஆறு வருஷமாச்சு."

"ஒரு நிமிஷம் போதும் எனக்கு."

"ஒரு நிமிஷத்துல எத்தனை வீட்டுல இடி விழும்னு யோசிச்சியா? நாம எத்தனை கார்டு படிச்சோம்? உன்னோடது ஒண்ணு பழசுன்னு சொன்னா, அத்தனை பொம்பளைங்களும் 'என் புருஷன் கார்டும் பழசா, என் பையனோடதும் செத்தப்புறம் படிச்சதா'ன்னு ராவும் பகலும் சாவாங்க. ஒருத்திக்கு நியாயம் பண்ணப் போய் ஆயிரம் பேர் தலையில கல்லைப் போடாதே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. எழுதி ஒப்புதல் வாங்கிய காகிதத்தில் ஒரு வரியும் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீறினால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கை நிறுத்திவிட்டு இசைத்தட்டைப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். அந்தப் பொத்தான் எப்போதும் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐடாவை விருந்தாளி என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சுவரோரமாக, அதே பழுப்புக் கோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஐடா. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பியானோவில் எட்மண்ட் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் விடைத்த காதோடு அர்விட் நின்றிருந்தான். தெல்மாவுக்கு மட்டும்தான் அது தெரியும். ஐடா அவன் நிற்கிற இடத்தைத் தாண்டி அவளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றாள் தெல்மா. முதல் இரண்டு கார்டை ஒழுங்காக வாசித்தாள், பாடினாள். மூன்றாவது கார்டுக்கு முன்னால் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓக்‌ஷாட்டின் கை பொத்தானுக்குப் போனது.

"ஆஸ்பென் லேக் ஊர்க்காரங்க ஹாக்மன் கடையில இருப்பீங்க. கொஞ்சம் பேச்சை நிறுத்திட்டுக் கேளுங்க. நாப்பத்து நாலு அக்டோபர்ல அர்விட் லிண்டால்னு ஒருத்தர் கார்டை நான் படிச்சேன். அன்னைக்குக் காலையில வந்ததுன்னு சொன்னேன். மழை ஈரம் காயலன்னு சொன்னேன். பொய். அது ஜூலையில எழுதினது. நான் படிச்சப்போ அவரு செத்து அஞ்சு வாரம் ஆச்சு. விசாரிச்சிட்டுத்தான் படிக்கணும்னு விதி. மத்த எல்லாக் கார்டுக்கும் விசாரிச்சேன், அதனால வேற யாரும் பயப்படாதீங்க. இவருக்கு மட்டும் விசாரிக்கல. எனக்கு அவசரம். அவரு எங்கயும் ஓடல. ஆத்தைக் கடக்கும்போது செத்தாரு. ஓடினவ நான்தான்."

ஓக்‌ஷாட் பொத்தானை அழுத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தெல்மாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்த வால்ட்ஸைப் பாட வேண்டும். இந்தத் தரம் இறந்தவனுக்கென்றே சொல்லி, மனசார, ஒழுங்காகப் பாடிவிட வேண்டும், பாடினால் தீர்ந்துவிடும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். எட்மண்டைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் முதல் கட்டையைத் தொட்டான்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. ஐடா சுவரை விட்டு வந்து தெல்மாவின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். ரேடியோவில் பேசத் தெரியாதவள். வயலில் அக்கரையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி உரக்கப் பேசினாள்.

"சிக்னே, அம்மா பேசறேன். அப்பா போட்டோவைத் திருப்பி வெச்சிடும்மா." மூச்சு வாங்கினாள். "அர்விட், உன் சட்டையெல்லாம் கிழிச்சுத் தரை தொடச்சேன். வருஷக்கணக்கா தெனம் உன்னைத் திட்டிக்கிட்டேதான் படுத்தேன். கடன்காரா, துரோகி, எவகூட இருக்கியோ நாசமாப் போன்னு திட்டினேன். நீ தண்ணியில கெடந்திருக்கே. எனக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியவே தெரியாது."

அவ்வளவுதான் பேசினாள். எட்மண்ட் கட்டை மேல் விரலை வைத்தபடி அழுதுகொண்டிருந்தான். தெல்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு நெருங்கினாள். ஐடா திரும்பி அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள், அதுவும் கடல் தாண்டிப் போய் எல்லார் காதிலும் விழுந்தது.

"நீ பாடாதே."

தெல்மா பாடவில்லை. ஓக்‌ஷாட் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு ஏதோ ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டார். ஐடா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அவள் பின்னாலேயே, தண்ணீர் சொட்டுகிற கால்சட்டையோடு, அவன் போனான். தெல்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு முன்னாலேயே விட்டு வந்த பெண்டாட்டியைப் பார்த்தவன், இவளை எதற்குப் பார்க்கப் போகிறான்?

நிலையத்துக்காரர்கள் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை. அவளே ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். ஏழரை மணிக்கு எர்ல்ஸ் கோர்ட்டுக்கு வந்து கதவைத் திறந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள், செவ்வாய்க்கிழமை ஐடா பார்த்த மாதிரியே. வேண்டாத தெய்வம் இல்லை அவன் போக வேண்டும் என்று. போய்விட்டான்.

"அர்விட்?" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. எப்போதும்தான் பதில் இருக்காது, ஆனால் இது வேறு. முப்பத்தொரு வயசில் அந்த வீட்டில் தெல்மா ரிச்சி முதல் தடவையாகத் தனியாக இருந்தாள். ஏழு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்து வந்தது. தரையில் உட்கார்ந்து, பேர் சொல்லி, பொழுது போனது தெரியாமல் அழுதாள்.